காரைக்குடிக் கடையில் கிடைத்த பழைய கம்ப்யூட்டர் போர்டு: மெயின்பிரேம் பிராசசர்தானா என்று அறிகுறி பார்த்துக் கண்டுபிடிப்பது

முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் எனாமல் தூக்கு, பீங்கான் ஜாடி, பர்மா தேக்குத் தூண் இவற்றுக்கு நடுவே எப்போதாவது பச்சையாகவோ பழுப்பாகவோ ஒரு சர்க்யூட் போர்டு தலைகாட்டும். ஏதோ ஒரு வீட்டில் பங்கு பிரிக்கும்போது பரணிலிருந்து இறங்கியிருக்கும். மெட்ராஸிலோ பம்பாயிலோ மெஷின் பார்த்த மகனோ மருமகனோ ஞாபகத்துக்கு எடுத்து வைத்ததாக இருக்கலாம். இல்லையென்றால் ஏலத்தில் எடுத்த காயலான் சாமானோடு லாரியில் வந்திருக்கும். எப்படி வந்தாலும் கடைக்காரர் சொல்வது ஒன்றுதான்: "சூப்பர் கம்ப்யூட்டர் மூளைண்ணே, முழுக்கத் தங்கம்." மூளை, தங்கம் இரண்டையும் அப்படியே நம்ப வேண்டாம், அப்படியே தள்ளவும் வேண்டாம்.

பார்க்க ஆரம்பிக்கும் முன் ஒன்று. கம்ப்யூட்டரின் மூளையான பிராசசர் இன்றைக்கு விரல் அகலச் சில்லு. 1960, 70-களின் மெயின்பிரேமில், அதாவது பெரிய நிறுவனங்கள் வைத்திருந்த பெரிய கம்ப்யூட்டரில், அது ஒரு பீரோ, சில மெஷின்களில் வரிசையாக நாலைந்து பீரோ. உள்ளே நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் கார்டுகள் சொருகியிருக்கும். கூட்டல் நடப்பது ஓரிடம், கட்டளையைப் பிரித்துப் படிப்பது வேறிடம், மெமரியோடு பேசுவது இன்னோரிடம். அதனால் கையிலிருக்கும் ஒற்றைக் கார்டைக் காட்டி "இது பிராசசரா?" என்று கேட்டால் பல நேரம் நேரான பதில் கிடையாது. எந்தக் குடும்பத்துக் கார்டு, அந்தப் பீரோவில் எந்த இடத்தில் இருந்தது என்று கேளுங்கள், பதில் கிடைக்கும். நம்மூர்ப் பாத்திரத்தில் வெட்டியிருக்கும் பெயரெழுத்தை வைத்து இது எந்த வீட்டுச் சாமான் என்று ஆச்சிகள் சொல்வார்களே, கிட்டத்தட்ட அதே வேலைதான்.

கையில் வேண்டியவை: நல்ல லென்ஸ், டார்ச், பீப் அடிக்கும் மல்டிமீட்டர், மெல்லிய பிரஷ், போன் கேமரா. டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் மங்கிய எழுத்தும் தெரியும். ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கும் அவசரம் வேண்டாம், சில ஐசிகளின் (போர்டில் பதித்த சில்லுகளின்) மேல் இருப்பது வெறும் மை, ஒரு தடவை துடைத்தால் எண்ணே போய்விடும். செம்மண் புழுதியைப் பிரஷ்ஷால் தட்டினாலே போதும், முதலில் போட்டோ, அப்புறம்தான் சுத்தம்.

அறிகுறி: ஓரமெல்லாம் தங்கம், எடை போட்டு விலை சொல்கிறார்

முலாம் தங்கம்தான், அதில் பொய்யில்லை. ஆனால் மெயின்பிரேமிலும் தங்க முலாம், டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் கார்டிலும் தங்க முலாம், போன வருஷம் தூக்கிப்போட்ட கம்ப்யூட்டரின் ரேமிலும் தங்க முலாம். தொடர்பு கெடாமல் இருக்க மைக்ரான் கணக்கில் போட்ட பூச்சு அது. செக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953-லிருந்து இருக்கும் ஊர் இது, முலாம் பற்றி மணிக்கணக்கில் விளக்கம் சொல்ல ஆள் பஞ்சமே இல்லை. அவர்களைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

பத்தரிடம் கொண்டுபோய் உரைகல்லில் தேய்த்துப் பார்க்கும் வேலை வேண்டாம். ஒரு தேய்ப்பில் முலாம் போய்ச் செம்பு தெரியும், சேகரிப்பவர் யாரும் அதற்கப்புறம் தொடமாட்டார். ஆசிட்டில் போட்டுத் தங்கம் பிரிக்கிறேன் என்று வீட்டுக் கொல்லையில் இறங்குவது அதைவிட மோசம், நைட்ரிக் ஆசிட் புகை நுரையீரலைப் பதம் பார்த்துவிடும். இன்னொரு கொடுமையும் நடக்கிறது: பித்தளைக்குப் புளி போட்டுத் தேய்க்கிற கை பழக்கத்தில் போர்டையும் தேய்த்துப் பளிச்சென்று தொங்கவிடுகிறார்கள். புளியின் புளிப்பு முலாமில் இருக்கும் நுண்ணிய ஓட்டைகள் வழியே உள்ளே போய்ச் செம்பை அரிக்கும், அச்சிட்ட எண்களும் அழியும். அப்படித் தேய்த்த போர்டு என்றால் விலையைப் பாதியாகக் கேளுங்கள்.

எடை பேச்சை நிறுத்திவிட்டு ஐசிகளைப் பாருங்கள். ஐசி இருக்கிறதா என்பதே முதல் கேள்வி.

அறிகுறி: உள்ளங்கை அளவு கார்டு, ஐசி ஒன்றுகூட இல்லை, தகரத் தொப்பி போட்ட டிரான்சிஸ்டர்கள்

அகலம் இரண்டரை அங்குலம், உயரம் நாலரை அங்குலம் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். கீழ் ஓரத்தில் 16 தொடர்புப் பட்டைகள், அவற்றின் பெயர் ஏ-யில் தொடங்கி ஆர் வரை, நடுவில் ஐ-யும் ஓ-வும் மட்டும் கிடையாது, எண்ணோடு குழம்பும் என்பதால் விட்டுவிட்டார்கள். இதெல்லாம் பொருந்தினால் அது ஐபிஎம்மின் எஸ்எம்எஸ் கார்டு. போனில் வரும் எஸ்எம்எஸ்ஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஸ்டாண்டர்ட் மாடுலர் சிஸ்டம் என்பதன் சுருக்கம். இரட்டை அகலக் கார்டும் உண்டு, அதில் 32 பட்டை.

1959-ல் அறிவித்த 1401, இன்னும் 1620, 7090 ஆகிய ஐபிஎம் கம்ப்யூட்டர்கள் எல்லாம் இந்தக் கார்டுகளால் ஆனவை. இந்தியாவில் முதல் 1401 வந்தது 1961-ல், பம்பாயில் எஸ்ஸோ கம்பெனிக்கு. அதன்பின் ஏகப்பட்ட 1401-கள் இங்கே ஓடின, அதனால் நம் பக்கத்துப் பரண்களில் எஸ்எம்எஸ் கார்டு கிடைப்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

சரி, இது பிராசசரா? இங்கேதான் பொறுமை வேண்டும். ஒரே ரகக் கார்டை ஐபிஎம் கணக்குப் போடும் பகுதியிலும் சொருகியது, டேப் டிரைவிலும் சொருகியது, பிரின்டருக்கான கட்டுப்பாட்டுப் பகுதியிலும் சொருகியது. கார்டின் மேல் சில எழுத்துகள் கொண்ட ரகக் குறியீடும் ஒரு பாகம் எண்ணும் இருக்கும், அதை வைத்து இது என்ன லாஜிக் செய்யும் என்று சொல்லலாம்: இத்தனை கேட் (ஆம்-இல்லை முடிவெடுக்கும் சின்ன சர்க்யூட்), ஒரு பிளிப்பிளாப் (ஒரு பிட்டை நினைவில் வைப்பது), விளக்கு எரிக்கும் டிரைவர் என்று. எந்த மெஷின் என்று கார்டு மட்டும் சொல்லாது. "1401 பிராசசர்" என்று யாராவது சத்தியம் செய்தால், பீரோவின் எந்தச் சட்டத்திலிருந்து எடுத்தது, எந்த வரிசை எந்த இடம் என்று சீட்டு ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் "ஐபிஎம் எஸ்எம்எஸ் கார்டு, 1401 காலம்" என்று எழுதிக்கொள்ளுங்கள், அதற்குமேல் ஒரு எழுத்தும் வேண்டாம். கலிபோர்னியாவின் கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியத்தில் பழுது பார்த்து ஓடவைத்த 1401 இரண்டு இருக்கின்றன, ஆக இந்தக் கார்டுக்குச் சுவரில் மாட்டுவதைத் தவிர வேறு பிழைப்பும் உண்டு.

அறிகுறி: போர்டு முழுக்க வெள்ளிநிறச் சின்னச் சதுரங்கள்

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அரை அங்குலச் சதுரத்தில் அலுமினியத் தொப்பி போட்டு வரிசையாக உட்கார்ந்திருக்கும். 1964 ஏப்ரல் 7-ல் ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/360 குடும்பத்தின் எஸ்எல்டி மாட்யூல் இது. பலர் இதை ஐசி என்று நினைக்கிறார்கள், ஐசி கிடையாது. தொப்பிக்குள் ஒரு பீங்கான் தகடு, அதன் மேல் அச்சடித்த ரெசிஸ்டர்கள், மணல் போலத் தனித்தனி டிரான்சிஸ்டர், டயோடு துணுக்குகள் தலைகீழாக ஒட்டியிருக்கும். ஐசி மேல் இன்னும் நம்பிக்கை வராத காலத்தில் ஐபிஎம் எடுத்த நடுவழி.

சதுரம் இருந்தாலே 360 என்று முடிவு கட்டாதீர்கள், ஏனென்றால் 1970-களின் சிஸ்டம்/370-லும் வெளியே இதே மாதிரி சதுரம்தான், உள்ளே மட்டும் நிஜமான ஐசி; அதற்கு எம்எஸ்டி என்று பெயர். கார்டைத் திருப்பி, சால்டர் பக்கம் ஒரு சதுரத்தின் கால்களை லென்ஸில் எண்ணுங்கள். சுற்றுவட்டத்தில் மட்டும் 12 கால், நடு காலியாக இருந்தால் எஸ்எல்டி. நாலுக்கு நாலு கட்டமாக நடுவிலும் சேர்த்து 16 கால் இருந்தால் எம்எஸ்டி. தொப்பியை நெம்பித் திறந்து பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும், கால் எண்ணிக்கையே பதில் சொல்லும்போது அது எதற்கு.

ஓரத்தையும் பாருங்கள். எஸ்எல்டி கார்டின் ஓரத்தில் தங்கப் பட்டை இருக்காது, பிளாஸ்டிக் சாக்கெட் இருக்கும். பெரிய போர்டில் நிற்கும் ஊசிகள் மேல் அதை அழுத்திச் சொருகுவார்கள். ஆக "எஸ்எல்டி, தங்க ஓரத்தோடு" என்று ஒருவர் விற்றால் இரண்டில் ஒன்று தப்பு.

மறுபடியும் அதே எச்சரிக்கை: 360-யோடு வந்த 2821 என்ற கட்டுப்பாட்டுப் பெட்டி, அதாவது பிரின்டரையும் கார்டு ரீடரையும் மேய்க்கிற பெட்டி, அதுவும் எஸ்எல்டியால் ஆனதுதான். சதுரத்தின் மேலிருக்கும் எண் ஐபிஎம்மின் சொந்தப் பாகம் எண், பொதுவான ஐசி புத்தகத்தில் தேடினால் கிடைக்காது, தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். சென்னை ஐஐடிக்கு 1973-ல் 370/155 வந்தது, அந்தக் காலத்து ஆட்களிடம் இந்தச் சதுரத்தைக் காட்டினால் முகம் மாறுவதைப் பார்க்கலாம், அந்தப் பேச்சிலிருந்து கிடைக்கும் தகவல் எந்த எண்ணைவிடவும் உருப்படியானது.

அறிகுறி: பெரிய போர்டு, கறுப்பு ஐசிகள் வரிசை வரிசையாக

அதிகம் மாட்டுவது இந்த ரகம், அதிகம் ஏமாறுவதும் இதில்தான். முதலில் எண் படிக்கத் தெரிய வேண்டும். ஒவ்வொரு ஐசியின் மேலும் பெரும்பாலும் இரண்டு எண்: ஒன்று என்ன ஐசி என்பது, இன்னொன்று எப்போது செய்தது என்பது. தேதி நாலு இலக்கம், முதல் இரண்டு வருஷம், அடுத்த இரண்டு வாரம். 7815 என்றால் 1978-ன் 15-ஆம் வாரம்.

தலைவலி எங்கே வருகிறது என்றால், அந்தக் காலத்தின் பிரபலமான டிடிஎல் என்ற ரக ஐசிகளின் எண்ணும் 74-ல்தான் தொடங்கும். 7432 என்பது நாலு ஆர் கேட் உள்ள ஐசியாகவும் இருக்கலாம், 1974 ஆகஸ்டில் செய்த வேறு ஏதோ ஐசியாகவும் இருக்கலாம். கடைசி இரண்டு இலக்கம் 53-க்கு மேல் போனால் அது தேதி இல்லை, வருஷத்துக்கு அத்தனை வாரம் கிடையாது. எனவே 7474, 7486 எல்லாம் சந்தேகமில்லாமல் ஐசி எண். 7408, 7410, 7432, 7442 மாதிரி இரண்டுக்கும் பொருந்துபவை வந்தால் முன்னால் எஸ்என், டிஎம் போன்ற எழுத்து ஒட்டியிருக்கும் வரியை ஐசி எண்ணாக எடுத்துக்கொள்ளுங்கள், மொட்டையாக நிற்பது தேதி. "1974 போர்டு" என்று விற்றதைப் பார்த்தால் போர்டு முழுக்க ஆர் கேட்டாக இருக்கும், தேதி 84 என்று பக்கத்திலேயே சிரித்துக்கொண்டிருக்கும்.

எண் படிக்கப் பழகியதும் 24 கால் உள்ள அகலமான ஐசிகளைத் தேடுங்கள். அதில் 74181 என்றோ 74எஸ்181 என்றோ இருந்தால் நிமிர்ந்து உட்காரலாம். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1970-ல் கொண்டுவந்த, ஒரே நேரத்தில் 4 பிட் கூட்டிக் கழித்து லாஜிக்கும் செய்யும் ஐசி அது, பிராசசரின் அடுப்படி என்றே சொல்லலாம். நாலு 181 ஒட்டி ஒட்டி இருந்தால் 16 பிட், எட்டு இருந்தால் 32 பிட். பக்கத்தில் 74182 ஒன்றிரண்டு இருந்தால் கூட்டும்போது அடுத்த இடத்துக்கு ஏறும் எண்ணை வேகமாகக் கடத்த வைத்தது, ஆக வேகத்தைப் பற்றிக் கவலைப்பட்ட டிசைன். டெக் (டிஜிட்டல் எக்விப்மென்ட்) கம்பெனி 1977-ல் அறிவித்த வேக்ஸ்-11/780 கம்ப்யூட்டரின் பிராசசரில் இந்த ஐசிகள்தான்.

181 இல்லை, ஆனால் 40 கால் ஐசி நாலோ எட்டோ ஒரே மாதிரி வரிசையில் இருந்து ஏஎம்2901 என்று எழுதியிருந்தால், அது பிட்-ஸ்லைஸ், பிராசசரைத் துண்டுதுண்டாக ஒட்டிக் கட்டும் ஐசி. ஏஎம்டி 1975-ல் விட்டது, ஒவ்வொன்றும் 4 பிட். வேக்ஸ்-11/730-ல் இதுதான். ஆனால் 2901 எங்கே இருந்தாலும் பிராசசர் என்று துள்ள வேண்டாம், டிஸ்க் கன்ட்ரோலர்களிலும் இதைத் தாராளமாகப் போட்டார்கள். பக்கத்தில் 2909, 2911, 2910 என்ற வரிசைப்படுத்தும் ஐசியும், மைக்ரோகோடு, அதாவது உள்கட்டளைகளை, வைத்திருக்கும் ப்ராம் என்ற சின்ன மெமரி ஐசிக் கூட்டமும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் ஓரத்தில் டிஸ்க் கேபிளுக்கான சாக்கெட் இருந்தால் அது கன்ட்ரோலர், பேச்சு முடிந்தது.

181-ம் இல்லை, 2901-ம் இல்லை, ஆனால் போர்டு நிறைய வெவ்வேறு கேட்கள், ஒழுங்கே இல்லாமல் கலந்து கிடக்கிறது, ஒரே ஐசி நாலைந்துக்கு மேல் தொடர்ந்து வருவதில்லை. அது கட்டளையைப் பிரிக்கும் பகுதியாகவோ நேரம் பிடிக்கும் பகுதியாகவோ இருக்க நல்ல வாய்ப்பு. பிராசசரின் கட்டுப்பாட்டு லாஜிக் இப்படித்தான் கோணல்மாணலாக இருக்கும், பார்க்க அழகில்லை என்பதால் விலையும் குறைவாகச் சொல்வார்கள். வாங்கலாம்.

அறிகுறி: ஒரே ஐசி, அறுபது எழுபது, சிப்பாய் வரிசை மாதிரி

மெமரி. அவ்வளவுதான். 4116 என்று எண் இருந்தால் 16 கிலோபிட் டைனமிக் ரேம், 1103 என்றால் இன்டெல் 1970-ல் கொண்டுவந்த 1 கிலோபிட் ரேம். வரிசைக்கு எத்தனை என்று எண்ணினால் ஒரு சுவாரசியம் கிடைக்கும். 9, 18 என்று வந்தால் பைட்டுக்கு ஒரு பாரிட்டி பிட் (பிழை கண்டுபிடிக்க) வைத்த மெஷின். 39 வந்தால் 32 பிட் தகவல், 7 பிட் பிழை திருத்தம், வேக்ஸ் மாதிரி மெஷின்களில் பார்க்கலாம். போர்டுக்கு மதிப்பு உண்டு, பிராசசர் என்ற பெயருக்குத்தான் உரிமை இல்லை.

ஐசியே இல்லாமல் சட்டத்துக்குள் மெல்லிய கம்பி வலை, ஒவ்வொரு சந்திப்பிலும் கடுகைவிடச் சின்னக் கறுப்பு வளையம் என்றால் அது கோர் மெமரி. கடைக்காரருக்கு அது என்னவென்று தெரியாமல் "சல்லடை" என்று சொல்லிக் குறைந்த விலைக்குக் கொடுத்தால் பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். 1401-ல் மொத்த மெமரியே 1,400 எழுத்திலிருந்து 16,000 எழுத்து வரைதான், அத்தனையும் இப்படி வளையமாகக் கோத்தது.

திரும்பத் திரும்ப வருவது ஐசி இல்லாமல் ஒரு முழு சர்க்யூட்டாக இருந்தால், அதாவது ஒரு ரிலே, ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர், நாலு ரெசிஸ்டர், மறுபடி அதே ரிலே, அதே டிரான்ஸ்பார்மர் என்று எட்டு முறை பதினாறு முறை வந்தால், அது டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் கார்டு. ஒவ்வொரு சந்தாதாரருக்கும் ஒரு பங்கு. 48 வோல்ட் என்று எங்காவது எழுதியிருக்கும். நம் நாட்டிலேயே வடிவமைத்த சி-டாட் எக்ஸ்சேஞ்ச்கள் கிராமம் கிராமமாக வந்து போன பின் இந்தக் கார்டுகள் காயலான் கடைகளில் குவிந்தன, இன்று "மெயின்பிரேம்" என்று விற்பதில் கணிசம் இதுதான். முன்பக்கம் விளக்குகளோடு தகடு இருப்பதால் பார்க்கக் கம்பீரமாக இருக்கும், ஆளை மயக்கும்.

அறிகுறி: 40 கால் ஐசி ஒன்றே ஒன்று, பக்கத்தில் கண்ணாடி ஜன்னல் வைத்த ஐசி

ஐசி எண் 8085, இசட்80, 8088 மாதிரி இருந்தால் மைக்ரோபிராசசர், அதாவது முழுப் பிராசசரும் ஒரே சில்லில். கண்ணாடி ஜன்னல் உள்ளது இப்ராம் என்ற மெமரி, ஜன்னல் மேல் ஸ்டிக்கர் இருந்தால் பிய்க்காதீர்கள், வெளிச்சம் பட்டால் நாளடைவில் உள்ளே எழுதியது அழியும். இது மெயின்பிரேம் இல்லை.

"இது பேங்க் கம்ப்யூட்டர் சார்" என்று சொல்லித் தருவதும் நம்மூரில் சகஜம். இந்தியன் ஓவர்சீஸ் பேங்க் 1937-ல் கிளை திறந்த ஊர்களில் ஒன்று என்ற பெருமை காரைக்குடிக்கு உண்டு, அதனால் பேங்க் என்றதும் நமக்கு ஒரு மரியாதை வந்துவிடுகிறது. ஆனால் இந்தியாவில் பேங்க் கிளைகளுக்குக் கம்ப்யூட்டர் வந்தது 1984-ல் ரங்கராஜன் கமிட்டி அறிக்கை கொடுத்த பிறகுதான் பெரிய அளவில், அப்போது கிளைகளுக்கு வந்தவை கணக்குப் பதியும் லெட்ஜர் மெஷின்கள், மைக்ரோபிராசசர் ரகம். போர்டின் ஓரத்தில் பச்சையாகப் பூத்திருக்கிறதா பாருங்கள், நிக்கல் காட்மியம் பேட்டரி கசிந்தது அது, மற்ற சாமானோடு சேர்த்து வைக்காதீர்கள்.

அறிகுறி: ஐசி எண்ணைத் தேடினால் ஒன்றும் கிடைக்கவில்லை

பெரிய கம்பெனிகள் வெளியில் வாங்கிய ஐசிக்கும் தங்கள் சொந்த எண்ணைப் போட்டு வாங்கின. ஐசியை விட்டுவிட்டு போர்டின் எண்ணைத் தேடுங்கள். டெக் போர்டு என்றால் இது சுலபம்: தங்க ஓரத்துக்கு எதிர்ப்பக்கம் பிளாஸ்டிக் கைப்பிடி, அதில் எம் என்ற எழுத்தும் நாலு இலக்கமும் பொறித்திருக்கும். எம்7264 என்றால் எல்எஸ்ஐ-11, எம்8186 என்றால் பிடிபி-11/23-ன் பிராசசர், எம்7606 என்றால் மைக்ரோவேக்ஸ் 2. எல்-லில் தொடங்கும் எண்களும் உண்டு. பிட்சேவர்ஸ் என்ற இணையதளத்தில் ஸ்கேன் செய்த பழைய மேனுவல்களும் மாட்யூல் பட்டியல்களும் கிடைக்கும், எண்ணைப் போட்டால் நேராகப் பதில் வரும். பிடிபி-11-ம் வேக்ஸும் மினி கம்ப்யூட்டர்தானே, மெயின்பிரேமா என்று சண்டைக்கு வருபவர்கள் உண்டு. அவர்கள் சொல்வது சரி, அதற்காகப் போர்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம்.

அறிகுறி: ரஷ்ய எழுத்து

கே155 என்று தொடங்கும் வரிசை 74 டிடிஎல்லின் சோவியத் ஈடு, கே500 வரிசை மோட்டோரோலாவின் 10,000 இசிஎல் வரிசைக்கு (அடுத்த அறிகுறியில் வரும் வேகமான ரகம்) ஈடு. கே155ஐபி3 இருந்தால் அது 74181, மேலே சொன்ன விதிகள் அப்படியே பொருந்தும். பம்பாய், கரக்பூர் ஐஐடிகளில் சோவியத் கம்ப்யூட்டர் இசி-1030 இருந்தது, ஆக நம் நாட்டில் கிடைக்கக்கூடிய சாமான்தான். கால் இடைவெளி சரியாக 2.5 மில்லிமீட்டர், அமெரிக்க ஐசிக்கு 2.54, நீளமான ஐசியை ஒன்றின் பக்கத்தில் ஒன்று வைத்தால் கடைசிக் கால் லேசாகத் தள்ளி நிற்கும்.

அறிகுறி: ஐசி 16 கால்தான், ஆனால் சுற்றிலும் சின்ன ரெசிஸ்டர் மந்தை

இசிஎல் ஆக இருக்கலாம். வேகத்துக்காகச் செய்த, எப்போதும் சூடாகவே இருக்கும் ரகம், பெரிய மெஷின்களின் பிராசசரில்தான் அதிகம் வரும். மல்டிமீட்டரைப் பீப்பில் வைத்து ஒரே ஐசியின் 1-ஆம் காலையும் 16-ஆம் காலையும் தொடுங்கள். 10,000 வரிசை இசிஎல்லில் இரண்டும் கிரவுண்டு, பீப் அடிக்கும், மைனஸ் 5.2 வோல்ட் 8-ஆம் காலில் வரும். டிடிஎல்லில் 16-ஆம் கால் பிளஸ் 5, 8-ஆம் கால் கிரவுண்டு, 1-ஆம் கால் பெரும்பாலும் சிக்னல். ஒரு ஐசியில் பீப் அடித்ததை வைத்து முடிவுக்கு வராமல் போர்டின் நாலு மூலையிலும் நடுவிலும் சோதியுங்கள், எல்லா இடத்திலும் அடித்தால் இசிஎல். கான்பூர் ஐஐடியில் ஓடிய டெக்-10 வரிசையின் கேஎல்10 பிராசசர் இந்த ரகம்.

அறிகுறி: கனமான உலோகக் கட்டி, அடியில் முள்முள்ளாக ஊசிகள்

"ஏதோ இன்ஜின் பார்ட்டு" என்று இரும்போடு கிடக்கும். திருப்பிப் பாருங்கள். அடியில் 90 மில்லிமீட்டர் சதுரப் பீங்கான், அதில் 1,800 ஊசி இருந்தால், அது ஐபிஎம் 1980-ல் அறிவித்த 3081 மெயின்பிரேமின் டிசிஎம், அதாவது சூட்டைக் கடத்தி வெளியேற்றும் மாட்யூல். பீங்கான் 33 அடுக்கு, மேலே நூறுக்கும் அதிகமான சில்லுகள், ஒவ்வொரு சில்லின் முதுகிலும் ஸ்பிரிங் வைத்த ஒரு பிஸ்டன் அழுத்தும், உள்ளே ஹீலியம் நிரப்பியிருப்பார்கள், மேல் தகட்டில் குளிர்ந்த தண்ணீர் ஓடும். அது ஓடின காலத்தில் நம்மூர்ப் பக்கம் வந்திருக்க வாய்ப்பு குறைவு, வெளிநாட்டில் வேலை பார்த்தவர் பெட்டியில் வந்திருக்கும். இது சந்தேகமே இல்லாமல் பிராசசர் பாகம், ஆனாலும் ஒரு 3081-க்கு இப்படி இருபதுக்கு மேல் வேண்டும்.

இதைவிடச் சின்னது, 64 மில்லிமீட்டர் பீங்கான், காற்றுக்காக அலுமினியத் துருத்தல்கள் என்றால் 1983-ன் 4381. ஒரு மாட்யூலில் 36 சில்லு. ஒரே போர்டில் ஒவ்வொரு ஐசியின் தலையிலும் வட்டமாகத் தட்டு அடுக்கிய கோபுரம் நின்றால் அம்டால் 470 வகை, ஒரு போர்டில் 42 வரை வரும்.

எதுவானாலும் வெள்ளைப் பீங்கானை உடைப்பது, ராவுவது, தீயில் காட்டுவது கூடாது. பழைய மின்னணுச் சாமானில் சில பீங்கான்களில் பெரிலியம் ஆக்சைடு உண்டு, அதன் தூள் மூச்சில் போனால் ஆறாத நோய். வெளியிலிருந்து பார்த்து எது அது என்று சொல்ல முடியாது என்பதால் எதையும் ராவாமல் இருப்பதே வழி.

அறிகுறி: தேதிகள் ஒத்துப்போகவில்லை

ஐசிகள் எல்லாம் 1971, 72 என்று இருக்க, ஒன்று மட்டும் 1983. போலி என்று பயப்பட வேண்டாம். லென்ஸ் வைத்து அந்த ஐசியின் கால்களைப் பாருங்கள், ஈயம் மற்றவற்றைப் போல ஒரே சீராக இல்லாமல் உருண்டு, பழுப்புப் பிசின் ஒட்டியிருந்தால் கையால் மாற்றியது. 1978-ல் ஐபிஎம் இந்தியாவை விட்டுப் போனபின் அவர்கள் மெஷின்களைப் பராமரிக்கும் பொறுப்பு சிஎம்சி என்ற அரசு நிறுவனத்திடம் வந்தது, அசல் பாகம் கிடைக்காத காலம், கிடைத்ததைப் போட்டு ஓட்டினார்கள். டிரான்சிஸ்டரில் பிஇஎல் (பாரத் எலக்ட்ரானிக்ஸ்) என்று இருந்தால் பெங்களூர்ச் சரக்கு. எனக்கு அப்படிப் பழுது பார்த்த கார்டுதான் அசலைவிடப் பிடிக்கும், இந்த ஊரில் உழைத்ததற்கு அத்தாட்சி அது.

போர்டின் வயதைச் சொல்லும்போது பெரும்பாலான தேதிகள் எங்கே குவிகிறதோ அதில் மிகப் பிந்தியதை எடுங்கள். போர்டு அதற்குப் பிறகுதான் செய்திருக்க முடியும். பிறகு கையால் மாற்றிய ஐசியைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அறிகுறி: போர்டு மட்டுமில்லை, ரேக்கோடு இருக்கிறது

இது அதிர்ஷ்டம், கடைக்காரர் கெடுப்பதற்குள் பிடித்துக்கொள்ளுங்கள். அவர் செய்யப்போவது என்ன தெரியுமா, கார்டுகளை உருவித் தனித்தனியாக விற்றுவிட்டு ரேக்கை இரும்புக்குப் போடுவார். "அண்ணே, பீஸ் கணக்கு வேண்டாம், மொத்தமா ஒரு விலை சொல்லுங்க" என்று ஆரம்பியுங்கள். உருவும் முன் முன்பக்கம், பின்பக்கம் போட்டோ. ஒவ்வொரு கார்டுக்கும் எந்த வரிசை, எந்த இடம் என்று பென்சிலில் சீட்டு எழுதி நூலில் கட்டுங்கள், செலோடேப் ஒட்டினால் பிசின் கறை போகாது. பின்பக்கம் தங்க முலாம் ஊசிகளில் மெல்லிய கம்பி சுற்றியிருக்கும், பார்க்கக் குருவிக்கூடு மாதிரி இருந்தாலும் எந்தக் கார்டு எதோடு பேசியது என்பதற்கு அந்தக் கம்பி மட்டும்தான் சாட்சி, கத்தரித்துச் சுத்தம் செய்ய விடாதீர்கள். மூடியின் உட்பக்கத்தில் கார்டு வரிசை அச்சிட்ட தாள் ஒட்டியிருப்பது உண்டு, அதைப் பார்க்காமல் மூடியை விட்டுவராதீர்கள். 360-யின் முகப்புப் பலகை, விளக்குகளும் "எமர்ஜென்சி புல்" (ஆபத்தென்றால் இழு) என்று எழுதிய சிவப்புக் குமிழும் வைத்தது, அது கூடவே கிடந்தால் பேரமே பேச வேண்டாம்.

அறிகுறி: "கரண்டு கொடுத்துப் பார்க்கலாமா?" என்று வீட்டில் கேட்கிறார்கள்

வேண்டாம். ஒற்றைக் கார்டுக்குக் கரண்டு கொடுத்தால் தெரியப்போவது ஒன்றுமில்லை, அது பேசவேண்டிய மற்ற கார்டுகள் இல்லை. எத்தனை வோல்ட் எந்தக் காலில் என்று தெரியாமல் 5 வோல்ட் சார்ஜரை மாட்டினால், மைனஸ் 5.2-க்குப் பிறந்த இசிஎல் அந்த நிமிஷமே போய்விடும். ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் வைத்த எஸ்எம்எஸ் கார்டுக்கு வேறு வோல்டேஜ்கள். ரேக்கோடு பவர் சப்ளை கிடைத்திருந்தால் இன்னும் ஜாக்கிரதை, அதிலுள்ள பெரிய கெப்பாசிட்டர் பல வருஷம் சும்மா கிடந்தது, நேராக மெயினில் சொருகினால் வெடிக்கும், எண்ணெய் கசிந்திருந்தால் வெறுங்கையால் தொடக்கூடாது. பழைய டிவி, ஆம்ப்ளிபயர் பழுது பார்த்த மெக்கானிக் யாரையாவது கூட வைத்துக்கொண்டு கெப்பாசிட்டரை மட்டும் தனியே சோதியுங்கள், கார்டுகள் அதுவரை பருத்தித் துணியில் சுற்றித் தகரப் பெட்டியிலேயே இருக்கட்டும், சீட்டோடு.